மைனஸை விடாத அபிநயா

மேச்சேரிப் பக்கத்தில் ஆண்டி வகையறா என்றாலே பிடிவாதத்துக்குப் பேர் போனவர்கள். ஆண்டியை ஒரு தடவை பேருந்து நடத்துனர் அவருடைய ஊரில் இறக்காமல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "பெரியவரே, இங்கயே எறங்கி நடந்து போயிருங்க" என்றதற்கு, "காசு குடுத்த ஊருக்குத்தான் எறங்குவேன்" என்று இருக்கையை விட்டு எழவே இல்லை. கடைசியில் பேருந்து பின்னாலேயே நகர்ந்து வந்து அவரை இறக்கிவிட்டுப் போனது. அவருடைய அக்கா காளியாத்தாள் அதற்கும் ஒரு படி மேல். மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் தன்னுடைய மாவிளக்குத் தட்டை யாரோ வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று, தட்டை இறக்காமல் நின்ற இடத்தில் நின்றாள். விளக்கு காற்றில் அணைய அணைய ஏற்றிக்கொண்டாளே ஒழிய நகரவில்லை. பூசாரி வந்து கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போன பிறகுதான் ஊரில் நோம்பி நடந்தது.

இந்த ஆண்டியின் மகன் சிவபிரகாஷ். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருசத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ வெயிலில் பாறையைத் துளைத்துக்கொண்டு கிடப்பான். அவன் கட்டியது தாரமங்கலத்துப் பெண் ராசாத்தியை. ராசாத்தி பிறந்த வீட்டார் வாயில்லாதவர்கள். எதிரே வருகிறவனுக்கு வழிவிட்டு வாய்க்காலில் இறங்கி நிற்கிற ஆட்கள். சிவபிரகாஷுக்கும் ராசாத்திக்கும் பிறந்த மூத்த பெண்தான் அபிநயா. சின்னப் பிள்ளையில் அவள் அதிகம் பேச மாட்டாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள், வருவாள், மூலையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். தாரமங்கலத்தார் பெருமையாக, "இது எங்க பக்கத்துப் புள்ள" என்று சொல்லிக்கொண்டார்கள். பின்னால் ஒரு பள்ளிக்கூட விவகாரம் நடந்த பிறகு, "இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லீங்க, இது ஆண்டி ரத்தம்" என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

அபிநயாவுக்குக் கணக்கின்மேல் பைத்தியம் பிடித்தது பத்தாம் வகுப்பில். இருபடிச் சமன்பாடு என்று ஒரு பாடம். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது சமம் பூஜ்யம் என்றால் எக்ஸ் மூன்று, இல்லை மைனஸ் மூன்று. அவளுக்கு ஒரு பழக்கம். வந்த விடையைக் கொண்டுபோய்க் கேள்வியிலேயே போட்டுப் பார்ப்பாள். மூன்றை மூன்றால் பெருக்கி ஒன்பதைக் கழித்தால் பூஜ்யம் வருகிறதா? வருகிறது. வந்தால்தான் அடுத்த கணக்குக்குப் போவாள். மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் முடிக்கும்போது இவள் பாதிப் பக்கத்தில் நிற்பாள்.

ஒரு நாள் அந்த மைனஸ் ப்ளஸ்ஸாக மாறி வந்தது. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒன்பது சமம் பூஜ்யம். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் மைனஸ் ஒன்பது வரும்? மூன்றைப் பெருக்கினாலும் ஒன்பது, மைனஸ் மூன்றைப் பெருக்கினாலும் ஒன்பது. கணக்கு சார், "மெய்யெண் மூலங்கள் இல்லைன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போ" என்றார்.

"மெய்யெண் இல்லைன்னா, வேற என்ன எண்ணு இருக்குதுங்க சார்?"

"அதெல்லாம் பன்னெண்டாவதுல. அங்க போய்க் கேளு."

அங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவள் பதினொன்றில் கணக்கு குரூப் எடுத்தாள். அதுதான் ஆசை. வேறு எஞ்சினியர் ஆசை, கலெக்டர் ஆசை எல்லாம் மற்றவர்கள் அவள் தலையில் ஏற்றி வைத்தது.

ஏற்றி வைத்தவர்களில் முதல் ஆள் வள்ளியாத்தாள், சிவபிரகாஷின் அக்கா, அபிநயாவுக்கு அத்தை. திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருசனுக்குப் பங்காளி முறையாகிற ஒருவர் நாமக்கல் போகிற வழியில் விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்தான் அதற்குத் தாளாளர். அபிநயா பத்தாவதில் வாங்கின மார்க்கைக் கேட்டதும், "நம்ம புள்ளய வெளிய எதுக்கு விடறது? கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டார். வள்ளியாத்தாள் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். சேர்த்துவிட்டு வாசலில் நின்று ஒரு பாடம் வேறு நடத்தினாள்.

"அவரு உனக்கு மாமன் முறை. ஆனா காம்பவுண்டுக்குள்ள சாரு. மாமான்னு வாய் தவறிக்கூடக் கூப்பிட்றாத, ஆமா."

பள்ளிக்கூடம் என்றால் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. சுற்றிலும் தென்னந்தோப்பு, அதைச் சுற்றி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை. காற்று திரும்பினால் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அங்கே பாடப்புத்தகம் பிள்ளைகள் கைக்கு வராது. அது ஓர் அறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பள்ளியே அச்சடித்த 'மெட்டீரியல்' என்று ஒன்று உண்டு. கேள்வி, அதற்குக் கீழே விடை, விடைக்கு எத்தனை வரி, எந்த வரியில் அடிக்கோடு என்பது வரைக்கும் அதில் இருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, காலாண்டு முடிந்ததுமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வருசமும் அதையே திருப்பித் திருப்பி உருவேற்றினால் நூறு வராமல் எங்கே போகும் என்பது தாளாளரின் கணக்கு.

சாயங்காலம் தகரக் கூரை போட்ட ஷெட்டில் எல்லாரும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். முன்னால் ஒருத்தி மெட்டீரியலைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகக் கத்துவாள். மற்றவர்கள் பின்னால் கத்துவார்கள். கணக்கையும் அப்படித்தான். தேர்த்திருவிழாவில் அரோகரா போடுகிற மாதிரி அல்ஜீப்ராவை முழங்குவார்கள். சும்மா சொல்லக்கூடாது, முதல் சில மாதம் அபிநயாவும் நன்றாகவே கத்தினாள். முன்னால் நின்று கத்துகிற இடம் அவளுக்கே கிடைத்தது. முதல் பெஞ்சு, முதல் மார்க்கு. ஆத்தூரிலிருந்து வந்த நித்யஸ்ரீ அவளுக்குப் பக்கத்துக் கட்டில். "உன் தொண்டைக்கு மைக்கே வேணாம்டி" என்று அவள் கேலி பண்ணுவாள்.

பிறகு கலப்பெண் பாடம் வந்தது.

பத்தாவதில் இல்லை என்று சொல்லி அனுப்பிய எண் இங்கே இருந்தது. தன்னைத் தானே பெருக்கினால் மைனஸ் ஒன்று வருகிற ஓர் எண்ணுக்கு 'ஐ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படியானால் மைனஸ் ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று ஐ. அபிநயாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒன்பதில் போட்டுப் பார்த்தாள். மூன்று ஐயை மூன்று ஐயால் பெருக்கினால் மைனஸ் ஒன்பது, அதோடு ஒன்பதைக் கூட்டினால் பூஜ்யம். வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டுத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டவளைப் பார்த்து, "ஏய், உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் நித்யஸ்ரீ.

அந்தப் பாடத்திலேயே ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் நான்கின் வர்க்கமூலத்தையும் மைனஸ் ஒன்பதின் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் என்ன? மெட்டீரியலில், உள்ளே இருக்கிற எண்களை முதலில் பெருக்கியிருந்தார்கள். மைனஸும் மைனஸும் ப்ளஸ், முப்பத்தாறு. அதன் மூலம் ஆறு. விடை ஆறு.

ஷெட் முழுக்க முழங்கியது. "ரூட் மைனஸ் ஃபோர்! இன்ட்டூ! ரூட் மைனஸ் நைன்! ஈக்வல் டூ! ரூட் தர்ட்டி சிக்ஸ்! ஈக்வல் டூ! சிக்ஸ்!"

கத்தி முடித்ததும் அபிநயா தன் வழக்கப்படி விடையைப் போட்டுப் பார்த்தாள். மைனஸ் நான்கின் மூலம் இரண்டு ஐ. மைனஸ் ஒன்பதின் மூலம் மூன்று ஐ. பெருக்கினால் ஆறு, கூடவே ஐ இரண்டு தடவை. ஐயை ஐயால் பெருக்கினால் மைனஸ் ஒன்று. மைனஸ் ஆறு அல்லவா வர வேண்டும்? மெட்டீரியல் வழியிலேயே மைனஸ் ஒன்பதின் மூலத்தை அதனாலேயே பெருக்கிப் பார்த்தாள். உள்ளே எண்பத்தொன்று, வெளியே ஒன்பது. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒன்பதில் எக்ஸ் ஸ்கொயருக்குப் பதிலாக அதைப் போட்டால் ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் பதினெட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. மெட்டீரியல் சொல்வது சரியென்றால், தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு பொய்.

அடுத்த தேர்வில் அதே கணக்கு வந்தது. வகுப்பே ஆறு என்று எழுதியது. இவள் மைனஸ் ஆறு என்று எழுதினாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. பிழை விட்டவர்கள் சரியான விடையை மெட்டீரியலில் உள்ளபடி ஒரு நோட்டு நிறைய எழுதிக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அபிநயா நோட்டை எடுத்துக்கொண்டு நேரே கணக்கு சாரிடம் போனாள். அவர் பேர் ஜெயபிரகாஷ். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பாடத்துக்கு மெட்டீரியல் தட்டச்சு செய்ததே அவர்தான்.

"சார், இது ஆறு வராதுங்க."

"மெட்டீரியல்ல என்ன இருக்கு?"

"ஆறுன்னு இருக்குதுங்க. ஆனா இதைப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். பேனாவால் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அந்தக் கிறுக்கலை அடித்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? நீ சொல்றது சரிதான், வெச்சுக்கோ. பப்ளிக்ல வந்தா மைனஸ் போட்டுக்கோ. இங்க ஆறுன்னு எழுதிட்டுப் போ. உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா?"

"போதாதுங்க சார். ஷெட்டுல எல்லாரும் ஆறுன்னு கத்திட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதுங்களே."

"மெட்டீரியல்ல தப்புன்னு வெளிய வந்தா அச்சடிச்ச அத்தனையையும் நான் ஒக்காந்து கையால திருத்தணும். அதுவும் அசெம்பிளி மேடையில ஒக்கார வெச்சு. தெரியுமா உனக்கு?"

"நானும் கூட ஒக்காந்து திருத்தறேங்க சார்."

அவர் எழுந்து போய்விட்டார். அன்றையிலிருந்து அபிநயா ஷெட்டில் நின்றுகொண்டு படிக்க வேண்டியதாயிற்று. எழுதிக் காட்டும் வரைக்கும் உட்காரக் கூடாது. முன்னால் நின்று கத்துகிற இடமும் போயிற்று. நித்யஸ்ரீ கட்டிலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எழுதித் தொலையேன்டி. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. அதுக்குப் போயி காலு வீங்க நிக்கிற."

"கோடு சின்னதுதான். அதை எடுத்தா வேற கணக்கு ஆயிரும்."

"சரி, நீ எழுத வேணாம். உன் கையெழுத்து மாதிரியே நான் எழுதித் தரேன். கொண்டுபோய் நீட்டு. அவ்ளோதான்."

அபிநயாவுக்குக் கால் வலிக்கத்தான் செய்தது. "வேண்டாம் நித்யா. நீட்டறது என்ற கைதானே" என்றாள்.

நின்றதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை எல்லாரும் மறந்திருப்பார்கள். கலப்பெண் பாடம் மறுபடி முழக்கத்துக்கு வந்த சாயங்காலம், "ஈக்வல் டூ... சிக்ஸ்!" என்று ஷெட்டே கத்தி முடித்த அமைதியில், பின்னால் நின்றிருந்தவள், "மைனஸ் சிக்ஸ்!" என்று தன் பங்குக்குக் கத்தினாள். தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுநாளும் கத்தினாள். சிக்ஸ் வரப்போகிறது என்றாலே பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். கடைசி வரிசைப் பெண்கள் சிலர் வாய்க்குள்ளேயே மைனஸைச் சேர்த்துச் சொன்னார்கள். முன்னால் நின்று கத்துகிறவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் குழறிப்போயிற்று. விசயம் தாளாளர் காதுக்குப் போனது.

அவர் உடனே கூப்பிட்டுத் திட்டவில்லை. விவரமானவர். பெற்றோர் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்.

அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னந்தோப்பு திருவிழா மாதிரி இருக்கும். மரத்துக்கு மரம் போர்வையை விரித்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். தூக்குப் போசி திறக்கிற சத்தமும் பிரியாணி வாசனையும் எங்கும் நிறைந்திருக்கும். அன்றைக்கு ராசாத்தி நாட்டுக்கோழி வறுத்துக்கொண்டு வந்திருந்தாள். வள்ளியாத்தாளும் வந்திருந்தாள். அபிநயா முதல் வாய் வைக்கிற நேரத்தில் தாளாளர் வெள்ளை வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மறு கையில் அவருடைய மெட்டீரியல்.

"என்ன வள்ளியாத்தா, நல்லா இருக்கறயா? உன்ற அண்ணம் மவ எங்க பள்ளிக்கூடத்துக்கே புதுசாப் பாடம் எழுதறா, தெரியுமா?"

"அண்ணன் இல்லீங்க, தம்பி மவ" என்று திருத்தியவள், விசயத்தைக் கேட்டதும் போர்வையை விட்டு எழுந்துவிட்டாள். "ஏனுங்க, சின்னப் புள்ளைங்க. மனசுல வெச்சுக்காதீங்க. இப்பவே எழுதிருவா."

"நான் ஒண்ணும் கோவக்காரன் இல்ல அம்மிணி" என்றார் தாளாளர் அபிநயாவிடம். குரலில் கோபமே இல்லை. "நோட்டு நிறைய வேண்டாம். ஒரே ஒரு தடவை எழுது, என்ற கண்ணு முன்னால. எழுதிட்டு உங்கம்மா கொண்டாந்த கோழியத் தின்னுட்டு ஷெட்டுக்குப் போ. நாளைக்கு மொத பெஞ்சு உனக்குத்தான். எழுத மாட்டேன்னா டிசிய வாங்கிட்டுப் போயிரு. ரெண்டுல ஒண்ணு."

"அது தப்புங்க சார்."

"தப்பா சரியான்னா இப்பப் பேச்சு? பள்ளிக்கூடம்னா ஒரு வாய் பேசோணும். ஆளாளுக்கு ஒண்ணு பேசினா அது சந்தை."

"அந்த ஒரு வாயும் தப்பாப் பேசினா என்னங்க சார் பண்றது?"

ராசாத்தி மகளின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். "எழுதுடீ. என்ன நாயம் பேச வந்துட்ட? உன்னையச் சேத்தறதுக்கு உங்கத்தை எத்தன நடை நடந்தா?"

தாளாளர் ஜெயபிரகாஷ் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து, கைகட்டி நின்றார். பக்கத்து மரத்தடிக் குடும்பங்கள் எல்லாம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தன.

"இவ சொல்றா, தப்புன்னு. நீங்க சொல்லுங்க, என்ன விடை?"

"மெட்டீரியல்படி சிக்ஸுங்க சார்."

"கணக்குப்படி?" என்று கேட்டாள் அபிநயா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தென்னை மட்டை ஒன்றைப் பார்த்தபடி, "மெட்டீரியல்படி சிக்ஸ்" என்றார் மறுபடியும்.

வள்ளியாத்தாள் கைப்பேசியை எடுத்து வடக்கே இருந்த தம்பியைப் பிடித்தாள். அந்தப் பக்கம் ரிக் வண்டி இரைகிற சத்தத்தில் அவன் கத்தினான், இந்தப் பக்கம் இவள் கத்தினாள். கடைசியில் போன் அபிநயா கைக்கு வந்தது.

"சாமி, என்ன வம்பு அங்க? அவங்க சொல்றத எழுதிட்டுப் பேசாம இரு சாமி. நான் இங்க இருந்து என்னத்தப் பண்றது?"

"அப்பா, நீங்க ஓட்டை போடறீங்கல்ல. தண்ணியே வரலீன்னா, வந்துருச்சுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதிக் குடுத்தனா தோட்டத்துக்காரன் என்னைய அந்தக் குழியிலயே போட்டு மூடிருவான்."

"அப்பறம்?"

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் ஏதோ அதட்டினார்கள். பிறகு சிவபிரகாஷ், "உங்கம்மாகிட்டக் குடு" என்றான். ராசாத்தி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டுத் தூக்குப் போசியை மூட ஆரம்பித்தாள்.

"என்ன சொல்றான்?" என்றாள் வள்ளியாத்தாள்.

"எழுத மாட்டேன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கறாரு. அப்பனும் மவளும் சேந்து என்ற உசுர வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கறாங்க."

தாளாளர் இன்னும் நம்பவில்லை. பேனாவைத் திறந்து, மெட்டீரியலில் அந்தப் பக்கத்தை விரித்து, அபிநயா முன்னால் நீட்டினார். "உங்கப்பன் அங்கிருந்து ஆயிரம் சொல்லுவான். இருக்கப் போறது நீ. யோசிச்சு எழுது."

அபிநயா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எல்லாரும் மூச்சை விட்டார்கள். அவள் அச்சில் இருந்த ஆறுக்கு முன்னால், பேனாவை அழுத்தி ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு மெட்டீரியலை மடக்கி இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"டிசி எங்க போயி வாங்கோணுங்க சார்?"

பேருந்தில் வள்ளியாத்தாள் தனி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். திருச்செங்கோட்டில் இறங்கும்போது மட்டும், "என்ற மூஞ்சில கரியப் பூசிட்ட" என்றாள். ராசாத்தி மேச்சேரியில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோழி வறுவலைச் சூடு பண்ணி மகள் தட்டில் போட்டாள்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பாதி வருசத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு டீச்சர் ஜஹானாரா, சேலத்திலிருந்து தினம் வந்து போகிறவர். முதல் நாளே ஒரு முக்கோணவியல் சமன்பாட்டைக் கொடுத்தார். பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். அபிநயா கரும்பலகை முன்னால் விழித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு விடைகளை வரி பிசகாமல் ஒப்பிப்பாள், ஆனால் பார்த்திராத கணக்கு ஒன்றை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"பதினொண்ணாவது புக்கப் பாத்திருக்கியாம்மா?"

"அங்க கையில குடுக்கலீங்க டீச்சர்."

"நாமக்கல் ரிட்டர்னுக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

"தெரியாதுதான். தெரிஞ்ச மாதிரி கத்த மாட்டேன்" என்றாள் அபிநயா திரும்பி. அந்தப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போட்ட விடையைக் கேள்வியில் போட்டுப் போட்டுப் பார்த்து, நிறையத் தப்புப் பண்ணித் திருத்திக்கொண்டாள்.

அடுத்த வருசம் பன்னிரண்டில் நூறு வரவில்லை. நூறுக்குப் பக்கத்திலும் இல்லை. நித்யஸ்ரீக்கு நூறு வந்தது. "அங்கயே இருந்திருந்தா..." என்று ஆரம்பிக்காத ஒறம்பரை சொந்தம் கிடையாது. அபிநயா யாருக்கும் பதில் சொல்லாமல் சேலத்தில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்துவிட்டாள். அஸ்தம்பட்டியில் விடுதி. இப்போது இரண்டாவது வருசம்.

போன தை மாசம் வள்ளியாத்தாள் பேரனுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் கிடாய் வெட்டு. அத்தை அதற்குள் கோபம் தணிந்து, பிறந்த வீட்டார் எல்லாரையும் அழைத்திருந்தாள். பந்தியில் அபிநயா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தாள். ஓர் இலைக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார் தாளாளர். அவருக்கும் அவளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடக் காம்பவுண்டு இல்லை இது. அவர் மாமன், அவள் மருமகள் முறை. இழுத்துப் பேச இரண்டு பேருக்கும் பாத்தியதை உண்டு.

"பாருங்கப்பா, எங்க பள்ளிக்கூடத்துல நூறு வாங்க வேண்டிய புள்ள" என்றார் பந்திக்கே கேட்கிற மாதிரி. "ஒரு மைனஸால போச்சு."

பந்தி சிரித்தது. ராசாத்தி தூரத்திலிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"மைனஸு எங்கயும் போகலீங்க மாமா, அது எடத்துலதான் இருக்குது. போனது நானு" என்றாள் அபிநயா. "கையக் குவிங்க, ரசம் சுடும்."

"அதான் உன்ற செட்டு போன அடுத்த வருசமே மெட்டீரியல்ல திருத்தியாச்சே. இன்னும் என்ன வீம்பு உனக்கு?"

"திருத்துனது கேள்விப்பட்டனுங்க. எங்கூட ஒக்காந்து ஆறு ஆறுன்னு கத்துனாங்களே, அந்த வருசத்துப் புள்ளைங்க. அவங்ககிட்ட, நாங்க சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொன்னீங்களா?"

"அதுகதான் பரீட்சை எழுதி முடிச்சுப் போயிருச்சுகளே. இனி அதுகளக் கூப்பிட்டு வெச்சா சொல்ல முடியும்?"

"அப்ப அவங்களுக்கு இன்னும் ஆறுதானுங்களே மாமா."

பக்கத்து இலைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பளத்தை உடைத்தார். தாளாளர் இலையில் இருந்த எலும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு கையைக் குவித்தார்.

அபிநயா அவர் கை நிறைய ரசம் ஊற்றினாள். "ஆருக்குங்க ரசம்? ரசம், ரசம்" என்று கூவிக்கொண்டே அடுத்த இலைக்குப் போனாள்.